கால் தேக்கரண்டி உப்பு

சித்திரை வெயிலில் ஒன்றரை மணி நேரம் பந்து விளையாடிவிட்டு வந்து, போட்டிருந்த கறுப்புச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுங்கள். சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து, யாரோ தேசப்படம் வரைந்ததுபோலத் தெரியும். தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மைதானத்திலிருந்து வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறோம். தாகம் தணிந்துவிடுகிறது; உடம்பு மட்டும் தேறுவதில்லை. தலைப்பாரமும் கால் அசதியும் அப்படியே இருக்கின்றன. சற்று நேரத்தில் குடித்ததில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடுகிறது. உடம்பு தண்ணீர் கேட்டது, கொடுத்தோம். கேட்டு வாங்கியதை அது ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

சட்டையில் படிந்த கோட்டுக்கும், உடம்பில் தங்காத தண்ணீருக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு புரிந்துவிட்டால், கடையில் பாட்டிலில் விற்கும் விளையாட்டுப் பானத்தில் என்ன இருக்கிறது, அது ஏன் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும். அதே பானத்தை நம் அடுக்களையிலேயே சில ரூபாயில் கலந்துகொள்ளலாம். அளவு தெரிந்து கலக்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்பானையும் மனித உடம்பும்

ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் உடம்பு தாங்காது. அதற்கு உடம்பு கையாளும் வழி, மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும் அதே வழி. பானையின் துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரிச் சூடு வெளியேறும்.

ஆவியானால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டி விழும் வியர்வை சூட்டைக் கொண்டுபோவதில்லை. உடம்போ குளிரவில்லையே என்று மேலும் மேலும் சுரக்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் காலை ஓட்டம் போகிறவர்கள் சட்டையைப் பிழிந்து எடுப்பது இதனால்தான்.

வியர்வை இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனால் உடம்பு கைச்சிக்கனம் உள்ளது. சுரப்பியின் அடியில் ஊறும் நீர் இரத்தத்தைப் போலவே உப்பாக இருக்கும். மெல்லிய குழாய் வழியாகத் தோலுக்கு ஏறிவரும்போதே, அந்தக் குழாய் உப்பின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரத்த நீர் ஒரு லிட்டரில் சுமார் 3.2 கிராம் சோடியம் உண்டு. வெளியே வரும் வியர்வையில் ஆளுக்கு ஆள் மாறுபட்டு, பெரும்பாலும் அரை கிராமிலிருந்து ஒன்றேமுக்கால் கிராம் வரை இருக்கும். நடுத்தரமாக லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து நாள் தொடர்ந்து வெயிலில் பயிற்சி செய்தால் இந்தச் சிக்கனம் இன்னும் கூடும்: வியர்வை அதிகமாகும், அதிலுள்ள உப்பு குறையும்.

தாகம் ஏன் அவசரப்பட்டு அடங்குகிறது?

இரத்தத்தில் எவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்பதில் உடம்பு மிகக் கண்டிப்பானது. நீரில் கரைந்து மின்னூட்டம் பெற்று நிற்கும் சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளை மின்பகுளிகள் என்கிறோம். நரம்பும் தசையும் இயங்குவது இவற்றால்தான். இவற்றின் அடர்த்தியைக் கண்காணிக்க மூளையின் அடிப்பகுதியில் சில செல்கள் காவல் இருக்கின்றன.

வியர்வையில் உப்பைவிட நீரே அதிகம் போவதால், விளையாடி முடிக்கும்போது இரத்தம் சற்றுக் கெட்டிப்பட்டிருக்கிறது. காவல் செல்கள் தாகத்தை எழுப்புகின்றன. நாம் வெறும் தண்ணீரை வேகமாகக் குடிக்கிறோம். இரத்தம் நீர்த்துப் பழைய அடர்த்திக்கு வந்துவிடுகிறது. அடர்த்தி சரியானதுமே காவல் செல்களுக்குத் திருப்தி. தாகம் நிற்கிறது. மேற்கொண்டு வரும் நீரை வெளியே தள்ளும்படி சிறுநீரகத்துக்குச் செய்தி போகிறது.

அடர்த்தி சரியாகிவிட்டது, அளவு சரியாகவில்லை. போன உப்பு திரும்பி வராததால், உடம்பு குறைந்த உப்புக்கு ஏற்ற குறைந்த நீரை மட்டும் வைத்துக்கொண்டது. நீரைத் தங்கவைப்பது உப்பு. சொம்புத் தண்ணீரோடு சிறிதளவு உப்பும் போயிருந்தால், தாகம் இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருக்கும், இன்னும் கொஞ்சம் குடித்திருப்போம், குடித்ததும் உள்ளேயே நின்றிருக்கும்.

இரண்டு சாவிக் கதவு

அப்படியானால் சர்க்கரை எதற்கு? தசைக்கு எரிபொருள் என்பது ஒரு பதில். அதைவிட நுட்பமான பதில் சிறுகுடலில் இருக்கிறது.

வங்கி லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும்: ஒன்று நம்முடையது, மற்றது வங்கியுடையது. சிறுகுடலின் உட்சுவரில் அப்படிப்பட்ட ஒரு கதவு உண்டு. அதைக் கூட்டுக்கடத்தி என்று அழைப்போம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் இரண்டு சோடியம் அயனிகளும் சேர்ந்து வந்தால்தான் அது திறந்து, இரண்டையும் உள்ளே விடும். இவை உள்ளே போனதும், செறிவு கூடிய பக்கம் நீர் நகரும் ஊடுபரவல் விதிப்படி, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. வெறும் தண்ணீரும் குடலில் உறிஞ்சப்படத்தான் செய்யும். இந்தக் கதவும் திறந்தால் உறிஞ்சுதல் விரைவுபடும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகா நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார்.

ஆய்வகக் கருத்தாக இருந்த இது லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் எல்லைப்புறத்தில் அகதிகளிடையே காலரா பரவியது. இரத்தக் குழாயில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பொட்டலம் கட்டி, பெரிய கலங்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு இருபது, முப்பது என்றிருந்த இறப்பு, அவருடைய முகாமில் நான்குக்கும் கீழே வந்தது. வாந்திபேதிக்கு இன்று நாம் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலம் உலகெங்கும் பரவ வழிவகுத்த நிகழ்வுகளில் இது முக்கியமானது. 2023இல் இந்திய அரசு அவருக்கு மறைவுக்குப் பிந்தைய பத்ம விபூஷண் விருது அளித்தது.

விளையாட்டுப் பானம் அதே கதவைத் தட்டும் மற்றொரு கை.

புளோரிடாவில் கேட்கப்பட்ட கேள்வி

1965ஆம் ஆண்டு. புளோரிடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர் டுவெய்ன் டக்ளஸுக்கு ஒரு சந்தேகம். ஆட்டம் முடிந்தும் தன் ஆட்டக்காரர்களுக்குச் சிறுநீரே வருவதில்லையே, ஏன்? அதே பல்கலைக்கழகத்தின் சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் கேட்டார். கேடும் உடனிருந்த மருத்துவர்களும் ஆட்டக்காரர்களின் வியர்வையையும் இரத்தத்தையும் சோதித்தார்கள். சிறுநீராக வரவேண்டிய நீரெல்லாம் வியர்வையாகப் போயிருந்தது, உப்பும் போயிருந்தது, இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருந்தது.

போனதைத் திரும்பக் கொடுப்போம் என்று தண்ணீர், உப்பு, சர்க்கரை மூன்றையும் கலந்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. கேடின் மனைவி மேரி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்ன பிறகுதான் அது குடிக்கும்படியானது. அணியின் பெயரான கேட்டர்ஸ் என்பதை ஒட்டி அந்தப் பானம் கேட்டரேட் ஆயிற்று. இன்று உலகமெங்கும் நடக்கும் விளையாட்டுப் பான வணிகத்தின் தொடக்கம், எலுமிச்சை பிழிந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர்தான். நம் வீடுகளுக்கு அது புதிய பண்டமா?

ஓர் ஆட்டக்காரரின் கணக்கு

இனி அளவுக்கு வருவோம். 65 கிலோ எடையுள்ள ஒரு கல்லூரி மாணவரை எடுத்துக்கொள்வோம். மாலையில் ஒன்றரை மணி நேரம் கால்பந்துப் பயிற்சி. அவருக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், எடைக் கருவி போதும்.

பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையோடு நின்றால் 65.0 கிலோ. பயிற்சி முடிந்து, வியர்வையைத் துடைத்துவிட்டு, அதே உடையோடு நின்றால் 63.9 கிலோ. குறைந்தது 1.1 கிலோ. இடையில் அவர் 700 மில்லி தண்ணீர் குடித்திருக்கிறார். அதையும் கூட்டினால் 1.8. ஒரு கிலோ எடைக் குறைவை ஒரு லிட்டர் நீர் என்று கொள்ளலாம். ஆக, வியர்வை 1.8 லிட்டர், மணிக்கு 1.2 லிட்டர்.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் நீர் குறைந்தால் ஆட்டத்திறன் தளரத் தொடங்கும் என்பது பயிற்சியாளர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. இவருக்கு அந்த எல்லை 1.3 கிலோ. 700 மில்லி குடித்ததால் எல்லைக்குள் நின்றார். ஒன்றும் குடிக்காமல் ஆடியிருந்தால் 1.8 கிலோ குறைந்து எல்லையைத் தாண்டியிருப்பார்.

அடுத்து உப்பு. லிட்டருக்கு ஒரு கிராம் சோடியம் என்ற கணக்கில் 1.8 கிராம் போயிருக்கிறது. சாப்பாட்டு உப்பில் பத்தில் நான்கு பங்கே சோடியம். எனவே போன உப்பு சுமார் 4.5 கிராம், தேக்கரண்டியில் முக்கால். இவ்வளவையும் பானத்திலேயே திருப்ப வேண்டியதில்லை. திருப்பினால் குடிக்கவும் முடியாது. ஒரு பங்கைப் பானம் கொடுக்கட்டும். மிச்சத்தை இரவுச் சாப்பாட்டின் சாம்பாரும் ஊறுகாயும் கொடுத்துவிடும்.

கடைசியாகச் சர்க்கரை. நீண்ட நேர உடற்பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை கார்போஹைட்ரேட் கொடுக்கலாம் என்பது விளையாட்டு மருத்துவர்களின் பரிந்துரை. லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை கலந்த பானத்தை மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடித்தால் 30 முதல் 45 கிராம் கிடைத்துவிடும்.

கலக்கும் முறை

ஒரு லிட்டருக்கு:

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் – 1 லிட்டர்
சர்க்கரை – 60 கிராம் (தலைதட்டிய 5 மேசைக்கரண்டி)
தூள் உப்பு – 1.5 கிராம் (தலைதட்டிய கால் தேக்கரண்டி)
எலுமிச்சை – ஒரு பழத்தின் சாறு

தலைதட்டிய என்பதைக் கடைப்பிடியுங்கள். படியில் அரிசி அளப்பதுபோல, கரண்டிக்கு மேலே குவிந்து நிற்பதை ஒரு கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். குவித்து அள்ளினால் கால் எளிதில் அரையாகிவிடும். கல் உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் அளவு தப்பும். இந்துப்பு போட்டால் கூடுதல் சத்து என்று நினைக்க வேண்டாம். அதுவும் பெரும்பாலும் இதே சோடியம் குளோரைடுதான்.

கலந்ததும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். முதலில் புளிப்பும் இனிப்பும், அடியில் ஓடுகிற மெல்லிய உப்பும் தெரிய வேண்டும். கண்ணீரின் உப்பு நாக்குக்குத் தெரிந்ததுதானே? அதைவிட இது பல மடங்கு லேசாக இருக்க வேண்டும். சட்டையில் வெள்ளைக் கோடு தடிப்பாகப் படிகிறவர்கள் உப்பைச் சற்றுக் கூட்டலாம்; எப்படியும் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது.

பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லி, ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாக, குடிக்கலாம். குளிர்ந்திருந்தால் இன்னும் விருப்பமாகக் குடிப்போம். சர்க்கரைத் தண்ணீர் கிருமிகளுக்கும் விருந்து என்பதால் அன்றன்றைக்குக் கலந்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைப்பதும் இந்தச் செய்முறையில் சேர்த்திதான்.

செலவு? சர்க்கரை கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் 60 கிராமுக்கு 3 ரூபாய். உப்பின் விலை கணக்கிலேயே வராது. எலுமிச்சைக்கு அன்றைய சந்தை விலை.

சர்க்கரை கூடினால் என்ன?

இனிப்பைக் கூட்டினால் இன்னும் தெம்பு வரும் என்று தோன்றும். உண்மை எதிர்த்திசையில் இருக்கிறது. கோலா வகைப் பானங்களிலும் பல பழச்சாறுகளிலும் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை உண்டு. இவ்வளவு அடர்த்தியான நீர் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். குடலுக்கு இறங்கியதும், இரத்தத்தைவிட அடர்த்தி கூடியிருப்பதால், உடம்பிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுக்கும். தண்ணீர் கொடுக்க வந்த பானம் தற்காலிகமாகத் தண்ணீரைப் பறிக்கிறது. ஓடும்போது வயிறு குலுங்குவதும் பிடிப்பதும் இதனால் நேரலாம். நம் 60 கிராம் பானத்தின் அடர்த்தி இரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. அதனால் நீர் போகவேண்டிய திசையிலேயே போகிறது.

வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களிடமே, இது பெரிதும் காணப்பட்டது. உப்புப் பானம் குடித்தாலும் அளவு மீறினால் இந்த ஆபத்து நீங்காது. ஓடி முடித்தபின் எடை ஏறியிருந்தால், குடித்தது அதிகம் என்று பொருள்.

பானகம், மோர், கஞ்சி

இந்தக் கண்ணோடு நம் பழைய பானங்களைப் பார்த்தால் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. பானகத்தில் வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் ஏலக்காயும் இருக்கின்றன. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. கோயில் பானகத்தை இன்னும் நீர்க்கவிட்டு, லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்புப் போட்டால் அதுவே முழுமையான விளையாட்டுப் பானம். தண்ணீர்ப் பந்தல்களில் கொடுக்கும் நீர்மோரில் உப்பும் நீரும் உண்டு, சர்க்கரை குறைவு. பயிற்சி முடிந்தபின் குடிக்க மிக நல்லது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியில் இன்னொரு அழகு: மாவுச்சத்து நீண்ட சங்கிலியாக இருப்பதால் அடர்த்தியைப் பெரிதாகக் கூட்டாமலே குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸைப் பிரித்துக் கொடுக்கும். காலரா சிகிச்சையிலும் அரிசிக் கரைசல் பயன் தந்திருக்கிறது.

இளநீரைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அதில் பொட்டாசியம் நிறைய. வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். எனவே நன்றாக வியர்த்தபின் இளநீர் குடித்தால், ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

முக்கால் மணி நேரம் நடைப்பயிற்சி போகிறவருக்கு இந்தப் பானம் தேவையில்லை. தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். அரை லிட்டர் பானத்தில் 120 கிலோகலோரி இருக்கிறது. நடந்து எரித்ததில் பாதிக்கு மேல் அதிலேயே திரும்பிவிடலாம். அவருக்குத் தண்ணீரே உத்தமம். ஒரு மணி நேரத்தைத் தாண்டிய கடும் பயிற்சிக்கும், வெயிலில் நடக்கும் நீண்ட ஆட்டத்துக்கும் உரியது இது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

வாந்திபேதிக்கும் இதைக் கொடுக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ்ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் சுமார் 1.7 கிராம் சோடியமும் உண்டு. நம் பானத்திலோ சர்க்கரை நான்கு மடங்குக்கு மேல், சோடியம் மூன்றில் ஒரு பங்கு. கதவு ஒன்றுதான் என்றாலும் தேவை வேறு. இந்த வேறுபாட்டை மறைத்து இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்கப்பட்டுவந்ததால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளத் தடை விதித்தது. பேதியால் வாடும் குழந்தைக்கு மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம்தான் மருந்து.

அரசுப் பள்ளி மைதானத்தில் மாலை வெயிலில் கபடி ஆடும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தை எழுதினேன். அவர்களால் கடைப் பாட்டில் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்றால் ஆறு லிட்டர். 360 கிராம் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு எலுமிச்சை, மூடியுள்ள ஒரு பெரிய பாத்திரம். இதைக் கலப்பதற்கு உடற்கல்வி ஆசிரியரிடம் ஓர் அளவுக் கரண்டி இருந்தால் போதும். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் கழற்றிப்போடும் பனியன்களில் அப்போதும் வெள்ளைக் கோடுகள் இருக்கும். அங்கே போன உப்பில் ஒரு பங்கு, அதற்குள் அவர்கள் உடம்புக்குத் திரும்பியிருக்கும்.